குறுக்கு விசாரணை இல்லை

தம்பிக்கு ஐந்து வருடம் என்று தீர்ப்பு வந்த நேரத்தில் நான் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். போன் செய்தது வக்கீல் அல்ல. நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர். "உன் தம்பியை வேனில் ஏற்றுகிறார்களம்மா, வந்து முகத்தையாவது பார்த்துக்கொள்" என்றார். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் கடையிலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு ஆட்டோவில் பக்கம்தான். ஆனாலும் நான் போய் இறங்கியபோது வேன் கேப்பர் மலையில் இருக்கும் கடலூர் மத்திய சிறைக்குப் புறப்பட்டுப் போய்விட்டிருந்தது. வராந்தாவில் அவனுடைய செருப்பு மட்டும் கிடந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இது நடந்தது 2017 நவம்பரில். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அப்பீல் நடத்தியதில் நான் தெரிந்துகொண்டதை என் கடைக்கு வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "எங்கள் வக்கீல் சரியில்லை அக்கா, அதைச் சொல்லியே அப்பீலில் ஜெயித்துவிடலாம் இல்லையா?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வழக்கு இதுதான். பண்ருட்டிப் பக்கம் அப்பா விட்டுப்போன முந்திரித் தோப்பு ஒன்றரை ஏக்கர். வேலியோரம் நின்ற மரத்தின் கிளை பக்கத்துத் தோப்புக்குள் நீண்டிருந்தது. அந்தக் கிளையிலிருந்து விழும் கொட்டை யாருக்கு என்று பத்து வருடமாக முணுமுணுப்பு. 2014 மே மாதம் ஒருநாள் இரவு அது கைகலப்பானது. பக்கத்துத் தோப்புக்காரர் எங்களுக்குச் சித்தப்பா முறை. அவருக்குத் தலையிலும் இடது முன்கையிலும் காயம். தம்பி வீச்சரிவாளால் வெட்டினான் என்று புகார், இந்திய தண்டனைச் சட்டம் 307, அதாவது கொலை முயற்சி. முப்பத்து நான்கு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான்.

வக்கீலாக நாங்கள் பிடித்தது அப்பாவின் பத்திர வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரை. சிவில் வழக்கில் நல்ல பெயர். அப்பா இறந்தபோது வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவர். குற்ற வழக்கு நடத்துவாரா என்று அவரைக் கேட்கவேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. வக்கீல் என்றால் வக்கீல்தானே! கால் உடைந்தவனைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவோமா என்று இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

அவர் தம்பியிடம் சொன்னது ஒரே வாக்கியம். "நீ அந்த இடத்திலேயே இல்லை. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தம்பி அந்த இடத்தில் இருந்தான். அடிக்கவும் செய்தான், கட்டையால். முதலில் அவர்தான் மண்வெட்டிக் காம்பை ஓங்கினார் என்பது அவன் சொல்வது. இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னதே தண்டனைக்குப் பிறகு, மத்திய சிறையில் மனு போட்டுப் பார்க்கப் போன அன்றுதான். மூன்றரை வருடம் என்னிடமும் "நான் அங்கே இல்லை அக்கா" என்றே சொல்லிவந்தான். வக்கீல் சொல்லிக்கொடுத்த பொய்யை வீட்டிலும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதற்குள்ளேயே அவன் சிக்கிக்கொண்டான். கட்டையால் அடித்தவனை அரிவாளால் வெட்டினான் என்றார்கள். "அரிவாள் இல்லை, கட்டைதான்" என்று சொல்ல அவனுக்கு வழியே இல்லாமல் போனது, அவன்தான் அங்கேயே இல்லையே! வக்கீல் செய்த தவறுகளில் பெரியது எது என்று கேட்டால், வராமல் போன நாட்களைவிட இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

புது வக்கீல் ஒரு பெண்மணி. குற்ற வழக்கு மட்டும் பார்ப்பவர். டீக்கடைக்காரர்தான் சொல்லிவிட்டார். முதல் நாள் நான் அவர் எதிரில் உட்கார்ந்து பழைய வக்கீலைப் பற்றி அரைமணி நேரம் கொட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரியம்மா, போய்க் கட்டை வாங்கி வாருங்கள்" என்றார். எனக்குத் திக்கென்றது. அவர் சொன்னது வழக்குக் கட்டு என்று புரிய ஒரு நொடி ஆனது. எங்கள் வழக்கில் கட்டை என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும்.

பழைய வக்கீல் முதலில் கட்டைத் தரவும் இல்லை, வேறு வக்கீல் வைக்க ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடவும் இல்லை. மூவாயிரம் ரூபாய் பாக்கி இருக்கிறது என்றார். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் நிறுத்திவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருப்பதை மேடம் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் "சண்டைக்குப் போகாதீர்கள், கேட்டு வாங்குங்கள்" என்றும் சொல்லியிருந்தார். மூன்றாம் முறை நான் போனபோது பெரியவர் எதுவும் பேசாமல் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். பாக்கியைக் கேட்கவில்லை. கட்டின்மேல் அப்பாவின் பெயரை எழுதி அடித்து, தம்பியின் பெயரை எழுதியிருந்தார். பழைய சிவில் வழக்கின் அட்டை அது.

இங்கே நாட்கணக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வழக்கை நடத்தியது உதவி அமர்வு நீதிமன்றம். தண்டனை ஏழு வருடத்தைத் தாண்டவில்லை. ஆகவே அப்பீல் கடலூரிலேயே, மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில். அதற்குக் கெடு 30 நாள். அமர்வு நீதிபதியே விசாரித்த வழக்கு என்றாலோ ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை என்றாலோ சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், கெடு 60 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆகும் நாட்களைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். தாமதமாகிவிட்டால் காரணத்தைச் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அதற்கு ஒரு தனி மனு, தனி வாய்தா.

நகல் மனு போட்டுவிட்டு நான் பன்னிரண்டு நாள் அலைந்தேன். சிறைத்தண்டனை கொடுத்தால் தீர்ப்பின் நகலை அப்போதே இலவசமாகக் கையில் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். தம்பிக்கும் கொடுத்திருந்தார்கள். அது அவனோடு வேனில் ஏறிச் சிறைக்குப் போய், உள்ளே நுழையும்போது வாங்கி வைத்த பொருட்களோடு சேர்ந்துவிட்டது. அடுத்த முறை மனு பார்க்கப் போனபோதுதான் சொன்னான். தீர்ப்பு நாளன்று வீட்டிலிருந்து ஒருவராவது நீதிமன்றத்தில் இருந்திருந்தால் அந்தக் காகிதம் அன்றைக்கே எங்கள் கைக்கு வந்திருக்கும். "விடுதலையாகிவிடும், நீங்கள் யாரும் வரவேண்டாம்" என்று வக்கீல் சொன்னதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு மேல் போகாத தண்டனை என்றால், ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவரை, அப்பீல் போகும்வரை தண்டனை கொடுத்த நீதிமன்றமே வெளியே விடலாம். ஐந்து வருடத்துக்கு அந்த வழி இல்லை. அப்பீல் மனுவோடு தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்டுத் தனி மனு போட்டு, அப்பீல் நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டும். எங்களுக்கு அது கிடைத்தபோது தம்பி உள்ளே போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அபராதத்தைக் கட்டி, இரண்டு ஜாமீன்தாரர்களைத் தேடிப் பிடித்து நிறுத்தினோம். ஜாமீன்தாரராக வர முதலில் ஒப்புக்கொண்டது யார் தெரியுமா? என்னிடம் துணி தைக்கக் கொடுத்துவிட்டுக் கூலியில் பத்து ரூபாய்க்குச் சண்டை போடும் ஓர் ஆசிரியை அம்மா. சொந்தக்காரர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

கட்டுக்கு வருகிறேன். மேடம் சாட்சியங்களின் நகல் ஒரு செட் என்னிடம் கொடுத்து, "நீங்களும் படியுங்கள். ஊரும் தோப்பும் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். சாட்சியம் தமிழில்தான் இருக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. இரவு கடையை மூடியபின் வெட்டுமேசையில் விரித்துவைத்துப் படித்தேன். மொத்தம் பதினொரு சாட்சிகள். ஒவ்வொரு சாட்சியத்திலும் முதல் விசாரணை முடிந்ததும் "குறுக்கு விசாரணை" என்று ஒரு தலைப்பு. ஆறு பேருக்கு அதன் எதிரே "இல்லை" என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

காயம்பட்ட சித்தப்பாவுக்குக் குறுக்கு விசாரணை இருந்தது, நான்கு வரி. "நான் முன்விரோதத்தால் பொய்ப்புகார் கொடுத்தேன் என்றால் சரியல்ல. எதிரி சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல. நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." இவை கேள்விகளே அல்ல என்று மேடம் பிறகு விளக்கினார். தங்கள் தரப்பை இப்படி எடுத்துப்போட்டு வைப்பது சடங்கு, வேண்டியதுதான். ஆனால் அதற்குமுன் கேட்கவேண்டியதைக் கேட்டிருக்கவேண்டும். போலீசிடம் சொன்னதும் நீதிமன்றத்தில் சொல்வதும் எங்கே மாறுகிறது என்று சாட்சியிடமே கேட்டு, பிறகு புலன் விசாரணை அதிகாரியிடமும் அதைக் கேட்டுப் பதிவு செய்தால்தான் அந்த முரண்பாடு சாட்சியமாக நிற்கும். எங்கள் வழக்கில் புலன் விசாரணை அதிகாரிக்கும் "இல்லை".

ஏழாவது சாட்சி டாக்டர். அவருக்கும் "இல்லை". அவர் மூலமாகத் தாக்கலான இரண்டு காகிதங்கள்: ஒன்று ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், வக்கீல்கள் ஏ.ஆர். காப்பி என்பார்கள், இன்னொன்று காயச் சான்று. இரண்டும் ஆங்கிலத்தில், டாக்டர் கையெழுத்தில். எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை.

மறுநாள் ரவிக்கை வாங்க வந்த நர்ஸ் ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். "தெரிந்த நபர் ஒருவர் கட்டையால் தாக்கியதாகச் சொல்கிறார் என்று போட்டிருக்கிறது" என்றார். கட்டையா என்று மறுபடியும் கேட்டேன். கட்டைதான். இது ஆஸ்பத்திரிக்குப் போன உடனே, போலீஸ் வருவதற்கு முன்பு, காயம்பட்டவரே வாயால் சொல்லி டாக்டர் எழுதியது. அப்புறம் காயத்தைப் படித்தார். "லேசரேட்டட் என்று எழுதியிருக்கிறார். வெட்டுக்காயம் என்றால் இன்சைஸ்டு என்றுதான் எழுதுவார்கள். இது கிழிந்த காயம் அக்கா."

என் மேசைமேல் அன்றைக்கு ஒரு பட்டுத்துணி கிடந்தது. கத்திரியால் வெட்டிய ஓரம் நேராக, நூல் நூலாக ஒரே மட்டத்தில் நிற்கும். கையால் கிழித்த ஓரத்தில் இழை தொங்கும், மட்டம் இருக்காது, சில இழை அறுந்தும் சில இழை அறாமலும் நடுவில் பாலம்போல நிற்கும். முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறேன். எது வெட்டு, எது கிழிசல் என்று இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். தோலும் ஏறத்தாழ அப்படித்தான் என்றார் நர்ஸ். கூர்மையான ஆயுதம் பட்டால் ஓரம் சீராக இருக்கும், கட்டை பட்டால் ஓரம் நசுங்கிக் கிழிந்திருக்கும். மூன்றரை வருடம் அந்தக் காகிதம் நீதிமன்றத்துக் கட்டிலேயே, அரசுத் தரப்பே தாக்கல் செய்த ஆவணமாக, எண் போட்டு இருந்திருக்கிறது. யாரும் டாக்டரிடம் "ஐயா, இது வெட்டா, கிழிசலா?" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் துள்ளிக் குதித்துக்கொண்டு மேடத்திடம் ஓடினேன். "முதல் காரணமாகவே எழுதுங்கள் மேடம், வக்கீல் எங்களை ஏமாற்றிவிட்டார் என்று." அவர் எழுதவில்லை. "உங்கள் வக்கீல் நல்லவரா கெட்டவரா என்பது நீதிபதிக்கு முன்னால் இருக்கும் கேள்வி அல்ல. உங்கள் தம்பி அரிவாளால் வெட்டினாரா என்பதுதான் கேள்வி" என்றார்.

அன்று அவர் சொன்ன ஒரு விவரம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அமெரிக்காவில் வக்கீல் சரியாக நடத்தவில்லை என்பதையே தனிக் காரணமாக வைத்துத் தண்டனையை எதிர்க்கலாமாம். 1984-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு இரண்டு கேள்விகளை வகுத்திருக்கிறது. வக்கீலின் வேலை நியாயமான தரத்துக்குக் கீழே போனதா? அவர் ஒழுங்காகச் செய்திருந்தால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டா? இரண்டையும் காட்டினால்தான் உண்டு. நம் ஊரில் அப்படி ஒரு தனிக் கதவு கட்டிவைக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 21, 22-ஆம் பிரிவுகளிலிருந்து வரும் நியாயமான விசாரணை என்ற உரிமை இருக்கிறது. வக்கீலே இல்லாமல் விசாரித்துத் தண்டித்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்திருக்கிறது: 1986-இல் அருணாச்சலப் பிரதேச வழக்கு ஒன்று, 2012-இல் டில்லி வழக்கு ஒன்று. ஆனால் நாமே வைத்த வக்கீல், வந்தும் சரியாகக் கேட்கவில்லை என்றால் கதை வேறு. 2015-இல் டில்லி வாடகைக் கார் வழக்கில், புது வக்கீல் வந்து, பழைய வக்கீல் திறமையற்றவர், சாட்சிகளை மறுபடி கூப்பிடுங்கள் என்று கேட்டபோது, வக்கீல் மாறியது மட்டுமே அதற்குக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. "இல்லையென்றால் தோற்கிற ஒவ்வொருவரும் வக்கீலை மாற்றிவிட்டு ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார்களே அம்மா" என்றார் மேடம். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், அடிபட்ட சித்தப்பாவை இரண்டாம் முறை கூண்டில் ஏற்றிக் கேட்பதை அவர் வீட்டு ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதும் புரிந்தது.

ஆகவே மனு இப்படித்தான் போனது. முதல் காரணம், மருத்துவச் சாட்சியமும் நேரடிச் சாட்சியமும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இரண்டாவது, ஏ.ஆர். காப்பியில் இருக்கும் முதல் வாக்குமூலத்தைக் கீழமை நீதிமன்றம் கவனிக்கவே இல்லை. மூன்றாவது, கைப்பற்றியதாகச் சொன்ன அரிவாளை டாக்டரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கவில்லை. இப்படி ஒன்பது. பத்தாவதாகத்தான், குற்றஞ்சாட்டப்பட்டவரின் வக்கீல் இன்ன தேதியில் வரவில்லை, டாக்டர் குறுக்கு விசாரணை செய்யப்படவில்லை, அதனால் இன்ன கேள்வி கேட்கப்படாமல் போயிற்று என்று நான்கு வரி. வசவு ஒரு சொல்கூட இல்லை. தேதியும் கேள்வியும் மட்டும். கூடவே, குற்றவிசாரணை முறைச் சட்டம் 391-இன்படி டாக்டரின் கூடுதல் சாட்சியத்தைப் பதிவு செய்யக் கேட்டு ஒரு மனு.

அந்தத் தேதியை உறுதி செய்ய நான் பட்ட பாடு தனி. வழக்குக்கு ஒரு சி.என்.ஆர். எண் உண்டு, பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்தது. அதை ஈ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ போட்டால் எந்தத் தேதியில் எதற்கு வாய்தா என்று வரிசையாக வரும். கடைக்கு வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டினாள். வழக்கு நடந்த காலமெல்லாம் அது என் கைப்பேசியிலேயே கிடைத்திருக்கும்! வாய்தாவுக்குப் போய்வந்த தம்பியிடம் "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் "டாக்டர் வந்துவிட்டுப் போனார்" என்பான். டாக்டரிடம் நம் வக்கீல் என்ன கேட்டார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விசாரணை முடிவதற்குள் தெரிந்திருந்தால் 311-இன்படி அங்கேயே டாக்டரைத் திரும்ப அழைக்கக் கேட்டிருக்கலாம், காலம் தாழ்த்தாமல் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். இப்போது யார் வழக்கு என்று வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது, ஒவ்வொரு சாட்சிக்கும் மறுநாளே நகல் மனு போட்டீர்களா என்பதைத்தான். சாட்சியம் சூடாக இருக்கும்போதே படித்துவிடவேண்டும்.

அப்பீல் ஒன்றரை வருடம் கிடந்தது. இடையில் ஒருநாள் வக்கீல்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு. மேடம் வரமுடியவில்லை. வக்கீல் இல்லாததால் அப்பீலைத் தள்ளிவிடுவார்களோ என்று எனக்கு நடுக்கம். குற்ற வழக்கு அப்பீலை அப்படி ஆள் வரவில்லை என்று மட்டும் தள்ளுபடி செய்ய முடியாது, வழக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்று 1996-லேயே தீர்ப்பு இருக்கிறது என்று போனில் சொன்னார். வாய்தாதான் விழுந்தது.

391 மனுவை அரசு வழக்கறிஞர் கடுமையாக எதிர்த்தார். ஓட்டையை அடைக்க அந்தப் பிரிவு இல்லை என்றார். அவர் சொன்னதும் சட்டம்தான், எளிதில் கொடுப்பதில்லை. ஆவணம் ஏற்கெனவே அரசுத் தரப்புடையது, புதிதாக எதையும் நுழைக்கவில்லை, டாக்டர் ஒரு கேள்விகூடக் கேட்கப்படாமல் போனவர் என்பதால் எங்களுக்குக் கொடுத்தார்கள். டாக்டர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். வந்தார். அப்பீல் நீதிமன்றத்திலேயே வைத்து மேடம் கேட்டார், இருபது நிமிடம்கூட இருக்காது. குரலை உயர்த்தவே இல்லை. முன்கைக் காயத்தின் ஓரங்கள் ஒழுங்கற்று இருந்தன என்று எழுதியிருக்கிறீர்களே, அரிவாளால் வெட்டினால் அப்படி இருக்குமா என்றார். "பொதுவாக இருக்காது" என்றார் டாக்டர். கட்டையால் ஏற்படுமா? ஏற்படும். கட்டை என்று சொன்னது யார்? "காயம்பட்டவர் சொன்னார், சொன்னபடி எழுதினேன்." தலைக் காயத்தைப் பற்றி அரசு வழக்கறிஞர் கேட்டபோது, எலும்பை ஒட்டிய தோலில் கட்டை அடியும் வெட்டுப்போலத் தெரியும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனிதர். அந்தப் பதில் எங்களுக்குச் சாதகமுமில்லை, பாதகமுமில்லை.

2019-இல் தீர்ப்பு. கொலை முயற்சி நிரூபிக்கப்படவில்லை. அரிவாள் நம்பும்படி இல்லை. ஆனால் தம்பி அங்கே இருந்ததும் அடித்ததும் நிரூபணமாகிறது என்று 324-க்கு, அதாவது ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தியது என்ற குற்றத்துக்கு, மாற்றினார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த எழுபத்தைந்து நாளே தண்டனை. காயம்பட்டவருக்கு நாற்பதாயிரம் ரூபாய் இழப்பீடு. பழைய வக்கீலைப் பற்றிய பத்தாவது காரணத்துக்கு நீதிபதி ஒரே வரி எழுதியிருந்தார்: அதைப் பற்றிக் கருத்துச் சொல்லவேண்டிய தேவை எழவில்லை. முன்பு நான் முதல் காரணமாக வைக்கச் சொல்லி அழுதது அதைத்தான்.

முழு விடுதலை கிடைக்கவில்லையே என்று அம்மாவுக்குக் குறை. எனக்கு இல்லை. அவன் அடித்தான்.

நாங்கள் பட்டது பழைய சட்டங்களின் கீழ். 2024 ஜூலை 1 முதல் குற்றவிசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால் எண்கள் மாறிவிட்டன. அப்பீல் உரிமை 374 என்பது இப்போது 415, தண்டனை நிறுத்திவைப்பு 389 என்பது 430, கூடுதல் சாட்சியம் 391 என்பது 432, சாட்சியைத் திரும்ப அழைப்பது 311 என்பது 348. வழி பெரும்பாலும் அதே வழிதான். வக்கீல் வைக்கப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும், காவலிலும் சிறையிலும் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் மனுவை அனுப்பவும் முடியும். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் நான் என் இரண்டு வளையல்களை அடகு வைத்திருக்கமாட்டேன். மேடம் வாங்கியது நியாயமான ஃபீஸ்தான், அதில் குறையில்லை.

பழைய வக்கீல்மேல் பார் கவுன்சிலில் புகார் கொடு என்று பலர் சொன்னார்கள். ஒழுங்கீனத்துக்கு அங்கே புகார் கொடுக்கலாம், ஆனால் அதனால் தண்டனை மாறாது. அது தனிப் பாதை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அப்போது ஒருவர் ஆசைகாட்டினார். வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. நான் இரண்டுக்கும் போகவில்லை.

இழப்பீட்டைக் கட்டி முடித்த வாரம், அந்த மூவாயிரத்தை ஓர் உறையில் போட்டுக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தம்பி இன்றும் கேட்கிறான். பெரியவர் தொழிலை விட்டிருந்தார். ஈசிசேரில் உட்கார்ந்திருந்தார். உறையை வாங்கவில்லை. "என்னம்மா ஆயிற்று கேஸ்?" என்று கேட்டார். சொன்னேன். டாக்டர் சாட்சியத்தைப் பற்றிச் சொன்னதும், "எந்தத் தேதி?" என்றார். சொன்னேன். எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த வருடத்து டைரியை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். தம்பி வழக்கின் எண் எழுதியிருந்தது. அதன் மேல் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில், "பாண்டி, கண் ஆபரேஷன், காலை 8" என்று இருந்தது.

"ஜூனியரை அனுப்பினேனே" என்றார். "கேட்டானே என்று நினைத்தேன்."

உறையை டைரிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.